லாரியை நிறுத்திய பெட்டி: மன்னிப்புக் கேட்க லப்பைக்குடிகாடு போன கதை

போன மே மாதம் ஜெயங்கொண்டத்தில் நண்பனின் கல்யாணத்துக்குப் போய்விட்டு அரியலூர் பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்தவர் ஒரு கதை சொன்னார். லப்பைக்குடிகாட்டில் ஒரு வீட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பெட்டி இருக்கிறதாம். ஜப்பான்காரன் ரகசியமாகச் செய்த ஆயுதமாம். கைப்பிடியைச் சுற்றினால் கதிர் கிளம்பி, ஓடுகிற லாரி அப்படியே நின்றுவிடுமாம். பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒருவர் அதைத் தூக்கி வந்தாராம். கேட்டதை அப்படியே இந்த வலைப்பதிவில் எழுதினேன், தெருவின் பெயர் உட்பட. அப்படியே என்பதும் பொய்தான். "உள்ளே இரிடியம் இருந்தாலும் ஆச்சரியமில்லை" என்ற வரி நானாகச் சேர்த்தது. நிறையப் பேர் படித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பரில் ஷார்ஜாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "அது எங்கள் வீடு. அம்மா தனியாக இருக்கிறார். இரிடியம் கோடிக்கு விற்கும் என்று நம்பி இதுவரை நாலு கோஷ்டி வந்துவிட்டது. போன வாரம் வந்தவர்கள் கொல்லையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள்." கீழே அந்த அம்மாவின் தொலைபேசி எண் இருந்தது. இரண்டு நாள் தயங்கிவிட்டு அழைத்தேன். மறுமுனையில் ஜமீலா அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நேர்ல வாங்க" என்று மட்டும் சொன்னார்.

2007 ஜனவரி, மூன்றாவது சனிக்கிழமை. கோயம்பேட்டில் காலை ஐந்தே காலுக்குத் திருச்சி பஸ். தொழுதூர் வரை 95 ரூபாய். நாற்கரச் சாலை வேலை நடப்பதால் விழுப்புரத்துக்குப் பிறகு ஊர்ந்துதான் போகிறது. தொழுதூரில் இறங்கும்போது பத்தேமுக்கால். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மூன்றரை ரூபாய், கால் மணி நேரம். வெள்ளாற்றைத் தாண்டினால் ஊர். இறங்கி வழி கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் பொட்டிக்குத்தான் வந்தீங்களா?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஜமீலா அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகன் வளைகுடாவில். கணவர் இறந்து ஐந்தாண்டு ஆகிறது. உட்காரச் சொல்லவில்லை. நேராகக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். இடுப்பளவு ஆழத்தில் மூன்று குழிகள். வேர் அறுந்த கறிவேப்பிலைச் செடி ஒன்று பக்கத்தில் காய்ந்து கிடந்தது.

"நான் கலியாண வூட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாக்குறேன், இந்தக் கோலம். அதுலேர்ந்து ராத்திரில கதவு ஆடுனாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்குறேன்."

"இரிடியம்னு எழுதினது நான்தாம்மா. யாரும் சொல்லலை. சும்மா சேர்த்தேன். மன்னிச்சிடுங்க."

அவர் காய்ந்த கறிவேப்பிலைச் செடியை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு, "உள்ள வாங்க தம்பி. பொட்டியப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

தோல் வார் வைத்த மரப்பெட்டி. பக்கவாட்டில் கைப்பிடி. மூடியைத் திறந்ததும் காதில் வைத்துப் பேசும் கருவி தெரிந்தது. பட்டாளத்துக்காரர்கள் களத்தில் பயன்படுத்திய பழைய டெலிபோன். அவ்வளவுதான்.

"அப்போ லாரியை நிறுத்தினதுன்னு சொன்னது?"

"அது நெசந்தான்" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

அவருடைய அத்தா, அதாவது அப்பா, ரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். குண்டு விழ ஆரம்பித்ததும் தம்பியை, ஜமீலா அம்மாவின் சின்னத்தாவை, அழைத்துக்கொண்டு நடந்தே கிளம்பியிருக்கிறார். வழியில் தம்பிக்குக் காய்ச்சல். காலை ஊன்ற முடியவில்லை. பின்வாங்கும் பட்டாளத்து லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கை காட்டியும் ஒன்றும் நிற்கவில்லை. யாரோ எறிந்துவிட்டுப் போன இந்தப் பெட்டி பள்ளத்தில் கிடந்திருக்கிறது.

"அத்தா காக்கிச் சட்டை போட்டிருந்தாங்களாம். பொட்டிய ரோட்டோரம் வச்சு, கைப்பிடியச் சுத்திட்டு, ஹலோ, யெஸ் சார், லாரி கம்மிங் சார்னு சத்தமாப் பேசுனாங்களாம். தெரிஞ்ச இங்கிலீஷே அவ்வளவுதான். ஒரு பஞ்சாபி டிரைவர் ஏதோ பெரிய ஆபீசரோட உத்தரவுன்னு நெனச்சு நிறுத்திட்டாரு. சின்னத்தாவத் தூக்கி உள்ள போட்டாச்சு. ரொம்ப தூரம் போனப்புறந்தான் அந்த மனுசன் பொட்டியப் பாத்து, வயர் எங்கன்னு கேட்டாராம். அத்தா மேல ஆகாசத்தக் காட்டுனாங்களாம்."

"அவர் என்ன செய்தார்?"

"சிரிச்சாராம். ரெண்டு ரொட்டி குடுத்தாராம்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் துணிப்பை. போன மாதம் வந்தவர்களில் ஒருவர் என்று ஜமீலா அம்மா மெதுவாகச் சொன்னார். எழுந்து வாசலுக்குப் போய், அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்தான், இரிடியம் என்பது என் கற்பனை என்று சொன்னேன்.

துணிப்பைக்காரர் அசையவில்லை. "எவ்வளவு குடுத்தாங்க, இப்படிப் பேச?"

அதற்குள் ஜமீலா அம்மா பெட்டியைக் கொண்டுவந்து வெளியே வெயிலில் வைத்தார். இன்னொரு கையில் ஒரு படி அரிசி. இரிடியம் அரிசியை இழுக்கும் என்பதுதான் இந்தக் கோஷ்டிகளின் நம்பிக்கை. அரிசியைப் பெட்டியைச் சுற்றிலும் கொட்டினார்.

"பாருங்க. இழுக்குற வரைக்கும் இருந்து பாருங்க."

கைப்பிடியையும் சுற்றிக் காட்டினார். அக்கம்பக்கத்தினர் கூடிவிட்டார்கள். அரிசி கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கடைசியில் ஒரு கோழி வந்து கொத்த ஆரம்பித்ததும் கூட்டம் சிரித்துவிட்டது. கார் கிளம்பிப் போனது.

மதியம் எனக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார். அதற்குத் தகுதி இல்லை என்று சொன்னேன். "பசிக்கலன்னா சொல்லுங்க, அது வேற" என்றார். சாப்பிட்ட பிறகு பெட்டியின் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்தேன், கீழே போட்டிருக்கிறேன். பழைய பதிவை அழித்துவிடவா என்று கேட்டேன். "வேணாம். அழிச்சா ஒளிக்கிறோம்னு நெனப்பாங்க. அதுலயே இன்னிக்கு நடந்தத எழுதுங்க." எழுதிவிட்டேன்.

மண்வெட்டி வாங்கி மூன்று குழிகளையும் மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தார். தெருவில் வீடுகளைக் காட்டிக்கொண்டே நடந்தார். இது சின்னத்தாவின் மூத்த மகள் வீடு, இது பேரன் வீடு, அந்த மாடி இன்னொரு பேத்தியுடையது. மொத்தம் ஏழு வீடுகள். "லாரி நிக்காம போயிருந்தா இந்த ஏழும் இல்ல தம்பி." ஒரு கதிரும் இல்லாமல் அந்தப் பெட்டி செய்த வேலையை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இந்தப் பக்கம் பயணம் போக நினைப்பவர்களுக்கு: சாத்தனூர் கல்மரத்தைப் போய்ப் பாருங்கள். பெரம்பலூரில் தங்கினால் ஒரே காலையில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். லப்பைக்குடிகாட்டுக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடியிருக்கும். பெட்டியைத் தேடி மட்டும் யாரும் போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போனவனை உட்கார வைத்துச் சோறு போட்ட அம்மா அவர். இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும்.