எடுக்கச் சொன்ன பக்கம்

பல் தேய்க்கும்போதுதான் அந்த யோசனை வந்தது: அம்மாவின் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைப் போனிலேயே போட்டுவிட்டால் என்ன? விரலால் கையெழுத்துப் போட்டால் போதுமே, காகிதம் எதற்கு? வாயில் நுரையோடு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பல வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு எம்.ஃபில். படித்தபோது ஒரு நோட்டும் பேனாவும் போதுமாக இருந்தன. தாமல் ஏரிப் பாசனத்தில் நடவு நட்ட பெண்கள் பேசினார்கள், இவள் எழுதிக்கொண்டாள். அதே பெண்கள் இன்று என்ன வேலை செய்கிறார்கள் என்பது இப்போதைய ஆய்வு. இந்த முறை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவர்களில் நாங்கள் முதலில் பார்க்கப்போன அக்கா இப்போது பள்ளிச் சத்துணவில் சமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நோட்டுக்காரம்மா! அப்ப குச்சியாட்டம் இருந்தீங்களேமா!"

நான் போனை நீட்டினேன். அக்கா சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வெரலா? போ பாப்பா. வெரல் வெச்சா இந்த மாச ரேஷன் அரிசி வாங்கினதா ஆயிடும்."

"அது வேற மெஷினுக்கா."

"எல்லா மெஷினும் உள்ளுக்குள்ள பேசிக்கினுதான் இருக்குது."

அம்மா சிரித்துவிட்டு, போனை வாங்கிப் படிவத்தைப் பேச்சுத்தமிழில் வாசித்தாள். "எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். சொன்னத எடுத்துடுங்கன்னா எடுத்துடுவோம்."

மறுபடி வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்த அக்காவின் கை நின்றது. "மெய்யாலுமா? அப்ப அன்னிக்கு சொன்னதையும் எடுத்துடுவீங்களா? அவரு குடிச்சிட்டு அடிச்சது, நான் ஏரியாண்ட போயி நின்னது... இப்ப அவரு அதைத் தொடறதே இல்லமா. மருமக வந்திருக்குது. படிச்ச பொண்ணு."

"அது காலேஜ் பீரோல கெடக்குதுக்கா. யாரும் பாக்க மாட்டாங்க." அம்மா நம்பித்தான் சொன்னாள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காது. போனைத் திரும்ப வாங்கி அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். கல்லூரி நூலகம் பழைய ஆய்வேடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றியிருந்தது. அக்காவின் பெயர், தெரு, அடி, ஏரிக்கரை எல்லாம் அப்படியே இருந்தன. மறைக்கத் தெரியாமல் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அக்கா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க, நான் எங்க இருக்கறேன்?" என்றார் அக்கா. அம்மா வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"அன்னிக்கு நான் உங்கள ஒரு வார்த்தை கேக்கலக்கா."

"கேட்டா சொல்லியிருக்க மாட்டேன். அன்னிக்கு எனக்குக் காது குடுக்க ஒரு ஆளு வேணும், நீங்க வந்தீங்க." அக்கா அம்மாவின் முழங்காலில் கை வைத்தார். "சொன்னதுக்கு வருத்தம் இல்லமா. மருமக படிக்க வேணாம், அவ்ளோதான்."

அன்று பேட்டி எடுக்கவில்லை. பஸ்ஸில் அம்மா சொல்லச் சொல்ல அதை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி நான் நூலகத்துக்கு விண்ணப்பம் தட்டினேன். பழைய ஆய்வேட்டை வைத்துத்தான் புது ஆய்வே நிற்கிறது. அதையே எடுத்துவிட்டால் எதை ஆதாரமாகக் காட்டி ஒப்பிடுவது என்று கேட்டேன்.

"அப்பறம் பாத்துக்கலாம். நீ தட்டு."

நாளை இருவரும் நூலகத்துக்கு நேரில் போகிறோம். முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேட்போம். முடியாது என்றால், முழு ஆய்வேட்டையே எடுக்கச் சொல்லி அம்மா எழுதிக் கொடுப்பாள்.