ஆறு மாதம் புதைத்த பை

பினாயில் அக்கா என்றால் தொழிற்சாலையில் தெரியாத ஆள் இல்லை. பிளாஸ்டிக் உருக்கிப் பை செய்யும் மெஷினில் பதினோரு வருஷம். மெஷினைத் தொடுவதற்கு முன்னாலும் துடைப்பாள், தொட்ட பின்னாலும் துடைப்பாள். விட்டால் பக்கத்தில் நிற்கிற ஆளையும் துடைத்துவிடுவாள்.

அந்தப் பதினோரு வருஷப் புகை அவள் நெஞ்சில் இருமலாகக் குடியேறியிருந்தது. முதலாளி மக்காச்சோள மாவில் பை செய்யத் தொடங்கிய பிறகுதான் அது கொஞ்சம் அடங்கியது. மாவுப்பை மண்ணில் ஆறு மாதத்தில் மக்கினால் சான்றிதழ். மக்காவிட்டால் மறுபடியும் பழைய பிளாஸ்டிக், பழைய புகை. பையைப் புதைத்த சோதனைக் குழியை அவள் பொறுப்பில்தான் விட்டார் முதலாளி. பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

இன்றோடு ஆறு மாதம். அதிகாரி வந்து குழியைக் கிளறினார். பை வந்தது. உதறினால், புத்தம் புதுசு! அச்சடித்த தேதிகூட அழியவில்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

அதிகாரி ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்தார். “ஒரு புழுகூட இல்லையே. இதுல யாராவது மருந்து ஊத்தினீங்களா? மண்ணுல இருக்கற கிருமிங்கதான் பையைத் திங்கணும். அதுங்களையே கொன்னுட்டா யார் திம்பாங்க?”

அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. குழியில் புழு நெளிகிறதே, நாறுகிறதே என்று சனிக்கிழமை தவறாமல் ஒரு வாளி பினாயில் ஊற்றியது யார்? பாவி, தன் கையாலேயே!

முதலாளி காவல்காரர் பக்கம் திரும்பினார். “யோவ், நீயா?”

“ஐயோ, சத்தியமா நான் இல்ல முதலாளி!”

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“நான்தான் சார். குழி சுத்தமா இருக்கட்டும்னு...”

வேறு மண்ணில் மறுபடி ஆறு மாதம் புதைத்துக் காட்டச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

“அதுவரைக்கும் மாவுப்பையை யாரும் வாங்க மாட்டாங்கம்மா,” என்றார் முதலாளி. அவர் திட்டாததுதான் அவளை இன்னும் கொன்றது. “நாளையிலேர்ந்து பழைய பிளாஸ்டிக்கையே உருக்கணும். வேற வழியில்ல.”

சாயங்காலம் அவளே புதுக் குழி வெட்டினாள். சாக்கடைச் சேற்றையும் அழுகின காய்கறியையும் வெறும் கையால் அள்ளிப் போட்டு, நடுவில் பையை வைத்தாள். புழு ஒன்று விரலில் ஏறியது. உடம்பெல்லாம் கூசியது. உதறப் போன கையை நிறுத்தி, அதை மெல்லப் பையின் மேல் இறக்கிவிட்டாள்.

“தின்னுடா ராசா. சீக்கிரம் தின்னு.”