வாயில் புடவைக்குக் கட்டிய வரி

அந்தப் பொங்கலுக்கு நான் வாங்கியது மில்லில் நெய்த வாயில் புடவை, மெல்லிசான பருத்தி. பட்டு நெய்கிறவள் வாயில் கட்டுவதா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான். நெய்த பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், கட்டிக்கொள்ள மில் துணி வரும்.

கடைக்காரர் போன வருஷத்தைவிட விலை கூடச் சொன்னார். கேட்டதற்கு, "நான் இன்னாம்மா பண்றது? மில்லு துணிக்கு வரி ஏத்திட்டாங்க" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீடு சேரும்வரை சர்க்காரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். வரி போட ஏழை கட்டுகிற துணிதானா கிடைத்தது?

உண்மையில் என் கோபத்துக்குக் காரணம் புடவை மட்டும் இல்லை. எங்கள் தறி கார்த்திகையிலிருந்தே சும்மா கிடந்தது. சங்கத்தில் அலமாரி கொள்ளாமல் புடவைகள் தேங்கிவிட்டன. அவை விற்றால்தான் தறியில் ஏற்றப் புதுப் பாவு நூல் என்று சொல்லிவிட்டார்கள். தை முடிவதற்குள் பாவு வராவிட்டால் மெட்ராஸில் மில் வேலைக்குப் போய்விடுவது என்று என் கணவர் முடிவெடுத்திருந்தார். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் நான் கரை நூல் ஓடுகிற நாடாவைப் போடுவேன். அவர் போய்விட்டால் தறியைப் பிரித்துப் பரண்மேல் ஏற்ற வேண்டியதுதான்.

பொங்கல் கழிந்ததும் சங்கத்து வாசலில் தள்ளுபடி விற்பனை என்று எழுதிக் கட்டினார்கள். அந்த வருஷம் தாமல் ஏரி நிரம்பி நல்ல விளைச்சல். அந்தப் பக்கத்து விவசாயிகள் கல்யாணப் புடவை எடுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். புடவை மடித்துக் கொடுக்க ஆள் போதாமல் என் கணவரையும் என்னையும் கூப்பிட்டார்கள். நான் அந்த வாயிலைக் கட்டிக்கொண்டு போனேன்.

தாமலிலிருந்து வந்த ஒரு அம்மா மகளுக்காக அரக்குப் புடவை ஒன்றை எடுத்தாள். பச்சைக் கரை. என் கை போட்ட கரை எனக்குத் தெரியாதா? விலையைக் கேட்டுவிட்டு அவள் நம்பவில்லை.

"மெய்தானா? எங்க அக்கா பொண்ணுக்கு இதுக்கு மேல குடுத்தாங்களேப்பா!"

விற்பனைக்கு நின்றவர் சொன்னார்: "கெவர்மெண்ட்டு தள்ளுபடி குடுக்குதும்மா. மில்லு துணிக்கு வரி போட்டு, அந்தப் பணத்துல கைத்தறி வெலையக் கொறைக்கிறாங்க. இல்லாட்டி மில்லுகிட்ட நாங்க எங்க நிக்கறது?"

அவள் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எந்த மகராசன் கட்ன வரியோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும். எம்பொண்ணுக்குப் பட்டு ஆயிடுச்சி."

என் கணவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. வரி என்றால் போனது போனதுதான் என்று நினைத்திருந்தவள் நான். திட்டித் தீர்த்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தை முடியுமுன் அலமாரி காலியானது. புதுப் பாவு நூலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

"மெட்ராஸுக்கு எப்போ கெளம்பறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எதுக்கு? தீபாவளிக்கு இன்னொரு வாயில் எடுத்துக்கோ. வரி ஜாஸ்தியா இருக்கறதா பாத்து எடு."