மூன்று நிமிடம் ஹார்விக் நிறத்தில்

எட்னா கெர்ஷா இருபத்திரண்டு கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டங்களுக்குப் போயிருக்கிறாள். ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் லங்காஷயர் மாவட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புவேன். இருபத்திரண்டு தடவையும் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

மேலே ஆட்டம் நடக்கும்போது கோப்பை பார்வையாளர் மாடத்துக்குக் கீழே ஓர் அறையில் இருக்கும். அறைக்கு ஜன்னல் கிடையாது. மாவட்டச் சங்கத்துக்காகக் கோப்பையைப் பெட்டியில் தூக்கிவந்து, கதவைப் பூட்டிக் காவல் இருப்பது என் வேலை. ஜெயித்த அணியின் நிறத்தில் ரிப்பன் எடுத்து அதன் இரண்டு கைப்பிடிகளிலும் கட்டுவது எட்னாவின் வேலை. ரிப்பன் கட்டாத கோப்பையை எங்கள் பக்கத்துக் கேப்டன் எவனும் கையில் வாங்க மாட்டான். ரிப்பன் இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளிப் பாத்திரம்.

அவள் பதினான்கு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். ஆலை மூடியதும் எங்கள் ஊரான ஹார்விக்கின் சந்தையில் பொத்தான், நூல், ரிப்பன் விற்கும் கடை போட்டாள். புருஷன் ஹெர்பர்ட்டுக்குக் கால்பந்து ஆகாது. சனிக்கிழமையானால் கால்வாய்க்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். "உங்க பதினோரு பேருக்கு மீனே தேவல. மூணு மணி நேரம் உக்காந்தா ஒண்ணாவது வருது" என்பார். எங்கள் அணியின் லட்சணம் அப்படி.

1960-இல் சங்கச் செயலாளர் ஹாஸ்லம் ரிப்பன் வாங்க அவள் கடைக்கு வந்தார். எப்படிக் கட்டுவீர்கள் என்று இவள் கேட்க, அவர் கட்டிக் காட்டினார். "இது என்னங்க, மாடு கட்டுற முடிச்சா?" என்றாள் எட்னா. வாயால் கெட்டாள், அன்றிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

விழுந்த வேலையை அவள் செய்த விதமே தனி. எந்த அணி ஜெயிக்கும் என்று முன்கூட்டித் தெரியாதே. அதனால் இரண்டு அணிகளின் ரிப்பனையும் கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒரே பக்குவத்தில் இஸ்திரி போடுவாள். மடித்தால் கோடு விழும் என்று சுருட்டித்தான் வைப்பாள். நுனியைச் சாய்வாக வெட்டி, நூல் பிரியாமல் இருக்கத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டு வைப்பாள். தோற்கப்போகிற ரிப்பனுக்கு இத்தனை சீராட்டு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "இஸ்திரிப் பெட்டிக்குக் கட்சி கிடையாது, நார்மன்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி வைத்திருந்தாள். ஆட்டம் முடியும் விசில் ஊதும்வரை ரிப்பன் பையை விட்டு வெளியே வரக்கூடாது. ஹாஸ்லம் வருஷம் தவறாமல் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஓடிவந்து கதவைத் தட்டுவார். "கட்ட ஆரம்பிங்கம்மா, கோப்பையக் குடுக்க மேயர் கீழ எறங்கிட்டாரு." எட்னாவும் வருஷம் தவறாமல் அதே பதிலைச் சொல்லுவாள். "விசில் ஊதட்டும். புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேர் வைக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

விசிலுக்கு முன் கோப்பையில் ஓர் அணியின் நிறம் ஏறினால் அந்த அணி தோற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மைதானத்துக்குள் போகும்போது ஆட்டக்காரர்கள் கோப்பையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இறுதி ஆட்டத்தில் உங்கள் ஊரே ஆடும்போது அப்படிச் சொல்லிப் பாருங்கள், பார்ப்போம்.

எங்கள் ஊர் ஆடியது 1981-இல். அதற்கு முன் ஹார்விக் அணி ஒரே ஒரு தடவை, போருக்கு முன்னால், இறுதி ஆட்டத்துக்கு வந்து தோற்றிருக்கிறது. எட்னா பிறந்தது ஹார்விக் அணியின் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஆட்டக்காரர்களின் சட்டையில் எண் தைத்துக் கொடுப்பவள் அவள். கிழவன் முதல் நேற்றுச் சேர்ந்தவன் வரை எல்லாரும் அவளை எட்னாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் இருபத்தோரு வருஷமாக மற்ற ஊர்களின் நிறங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று இறுதி ஆட்டத்துக்குப் போகிற வழியில் என்னிடம் மனசைத் திறந்து சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ நம்ம அரக்குச் செவப்பையும் வெள்ளையையும் கட்டிடணும், நார்மன். அப்புறம் இந்த வேலைய யாருக்கு வேணும்னாலும் குடுத்துடறேன்."

எதிரணி கோல்ட்பெக். பச்சையும் மஞ்சளும் அவர்களுடைய நிறம். எங்கள் அறைக்கு மேல் வலது பக்கம் ஹார்விக் ஆட்கள், இடது பக்கம் கோல்ட்பெக் ஆட்கள். எந்தப் பக்கப் பலகை அதிர்கிறது என்பதை வைத்துத்தான் எங்களுக்கு ஆட்டம் புரியும். இரண்டாம் பாதியில் கால் மணி நேரம் போயிருக்கும், வலது பக்கக் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஆடியது. என் தேநீரில் தூசி கொட்டியது.

"நம்ம பக்கம்" என்றேன்.

"தெரியுது. சும்மா இரு" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது ஹாஸ்லம் கதவைத் தட்டினார். "ஒண்ணுக்கு சைபர், ஹார்விக்தான். கட்டிருங்கம்மா. மேயருக்கு வேற எடத்துக்குப் போகணுமாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அவளுடைய வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். பையின் வாரை அவிழ்க்கிற சத்தம்தான் கேட்டது.

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஆசை இருந்ததே! சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பார்க்காவிட்டால் பாவத்தில் பங்கில்லை என்று நினைப்பு. முதுகுக்குப் பின்னால் ரிப்பன் உரசியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படி மூன்று நிமிஷம் போயிருக்கும்.

இடது பக்கப் பலகை அதிர்ந்தது.

"ஐயோ" என்றாள் எட்னா. பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த ஒரு சொல்தான். திரும்பிப் பார்த்தபோது முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி ஏற்கெனவே வெறுமையாகிவிட்டது. அவள் முதுகு மறைத்ததில் இன்னொன்றும் என் கண்ணில் படவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். கூடுதல் நேரம் ஆடினார்கள். அதிலும் இடது பக்கம்தான் அதிர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

விசில் ஊதியது. எட்னா மூக்கைச் சிந்தி, கையைத் துடைத்துக்கொண்டு, பச்சையையும் மஞ்சளையும் எடுத்துக் கட்டினாள். இரண்டு முடிச்சும் ஒரே அளவு. நான்கு நுனியும் ஒரே நீளம். கோல்ட்பெக் கேப்டன் அதை அன்று தலைக்கு மேல் தூக்கினான். அவனுக்குக் கட்டிய ரிப்பனில் குற்றம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஊர் திரும்பும்போது ஹார்விக் அணியின் பஸ்ஸிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் வாங்கிய உருளை வறுவலின் வினிகர் வாசனை பஸ் முழுக்க இருந்தது, சாப்பிட ஆளில்லை. முதல் இருக்கையில் கோல்கீப்பர் கார்டன் கோட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். ஆட்டத்தைச் சமன் செய்த அந்தப் பந்து அவன் கையில் பட்டு நழுவித்தான் உள்ளே போயிருக்கிறது.

பின்னாலிருந்து ஒருத்தன் ஆரம்பித்தான். "கையில வெண்ணெயத் தடவிட்டு வந்தானா இவன்?"

"எங்க பாட்டி புடிச்சிருப்பாங்க அத" என்றான் இன்னொருத்தன்.

"அவங்க கல்லறையில இல்ல இருக்காங்க?"

"அங்கேருந்தே புடிச்சிருப்பாங்க."

சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பாக இல்லை. கார்டனின் தோள் கோட்டுக்குள் குலுங்கியது. எட்னா எழுந்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

"அவன விடுங்கடா. நான்தான் கட்டிட்டேன்."

"என்னத்தக் கட்டுனீங்க?" என்றான் கேப்டன் ராய் டின்ஸ்லி.

"ரிப்பன. விசிலுக்கு முன்னாடி. ரெண்டு கைப்பிடியிலயும் நம்ம நெறம். இருபத்தோரு வருஷம் செய்யாதத இன்னிக்கிச் செஞ்சேன். கட்டி முடிச்சு மூணு நிமிஷம் ஆகல, அவங்க கோல் போட்டாங்க. திட்டணும்னா என்னத் திட்டுங்க."

அவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இடது காலில்தான் முதலில் பூட்ஸ் போட வேண்டும் என்று அடித்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். நானும் எழுந்தேன். "கூடத்தான் இருந்தேன். தடுக்கல" என்றேன். அவளை ஒருவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன். அறுபது வயதில் அது அழகா என்று கேட்காதீர்கள்.

ராய் டின்ஸ்லி தன் மேல்கோட்டுக்குள் கையை விட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "மேயர்கிட்ட கோப்பைய வாங்கிட்டு என்ன பேசணும்னு எழுதி வச்சிருந்தேன். நேத்தே" என்றான். "நாலு பக்கம்."

"நாலு பக்கமா? அதுக்கே தோத்திருப்போம்டா" என்றார் டிரைவர்.

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. இன்னொருத்தன், தன் வீட்டில் கேக்கின் மேல் 'கோப்பை நமதே' என்று எழுதியே ஆகிவிட்டது, இப்போது அதை எந்த முகத்தோடு தின்பது என்று கேட்டான். எட்னா உட்காரவில்லை. இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

முன்னால் கார்டன் தலையிலிருந்து கோட்டை எடுத்தான். கண் வீங்கியிருந்தது. பஸ் ஏறியதிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எட்னாம்மா, பார்க்க எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதுடா?"

"நம்ம நெறத்துல கோப்பை."

பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள். அந்த பஸ்ஸில், ஏன் எங்கள் ஊரிலேயே, அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"வலது பக்கம் சரியா அமைஞ்சுது" என்றாள் எட்னா. "இடது பக்கம் முடிச்சு கொஞ்சம் பெருசாப் போச்சு. நம்ம செவப்பு வெள்ளியில பட்டு, கோப்பையே லேசா செவந்து கெடந்துது. மத்த ஊர் நெறத்துல அப்படி ஆனதில்லடா. அழகா இருந்துச்சு. அவ்வளவு அழகா இருந்துச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான் கார்டன்.

சொன்னாள்.