எல்லாப் பக்கமும் விழும் படம்

இந்தத் தொழிலில் ஒளியத் தெரிந்தவனுக்குத்தான் சோறு. சுமை தூக்கியும் பெயர் வாங்காத என் கூட்டாளிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பின்னாடி இல்லாத கெமரா

கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. அவர்கள் எடுக்கும் படத்தைக் கண்ணில் பெட்டி மாட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் பின்னால் இருப்பதும் தெரியும். கெமராவைக் கம்பில் மாட்டி, மலையில் நட்டு, பட்டனை அழுத்திவிட்டு ஓடி ஒளிய வேண்டியது என் வேலை. டைரக்டருக்கு என் மகன் வயதிருக்கும். கடைசி வரை என் பெயரைக் கேட்கவில்லை.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சுற்றி நின்று, கெமராவுக்கு எது முகம், எது முதுகு என்று கேட்டார்கள். முதுகே கிடையாது, எல்லாப் பக்கமும் விழும் என்றேன். ஒருத்தி சொன்னாள்:

"அப்ப கங்காணிக்குச் சோலி போச்சுண்ணே, இதையே மலையில நட்டுருவாங்க."

தேயிலைக்கு அடியில்

மழை விட்ட காலை. தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறக் கிடந்தேன். கெண்டைக்காலில் அட்டைகள் ஏறின. கொஞ்சம் காலை உதறினேன். செடி ஆடிவிட்டதாம், திரும்ப எடுக்க வேண்டுமாம். இரத்தம் வழியும் காலைக் காட்டினேன். டைரக்டர் தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கடிச்சா கடிக்கட்டும் பெரியவரே, நீங்க ஆடாதீங்க."

கீழ் லயம்

அதே தோட்டத்துக் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் என் அக்கா மகள் சரோஜா, புருஷன் விட்டுப்போன பின் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு. ஒவ்வொரு மழைக்கும் அகலமாகும். வேறு இடத்தில் வீடு கட்டக் காணி தாருங்கள் என்று லயத்துச் சனம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது.

கெமரா வருகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். குளித்து, திருவிழாச் சேலை கட்டி, வெடிப்புக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் கெமராவை முறைத்தால் படம் கெட்டுவிடுமாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை கத்துவாரே, அது மாதிரி அவரே கத்தி, எல்லோரையும் உள்ளே விரட்டினார். கொடியில் காய்ந்த துணியையும் உருவச் சொன்னார். கதவைச் சாத்துமுன் சரோஜா என்னிடம் கேட்டாள்:

"வெடிப்பாச்சும் படத்துல விழும்ல மாமா? அது போதும்."

பதுளையில் ஒரு தலை

பதுளையில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். வருகிறவர்களுக்குப் பெட்டியை மாட்டிவிட்டு, தலை சுற்றினால் பிடித்துக்கொள்வது என் வேலை. வீட்டுத் திட்டத்தைப் பார்க்கும் அதிகாரி ஒருவரும் வந்தார். நான் விடவில்லை. பெட்டியை மாட்டி, தோளைப் பிடித்து வெடிப்புப் பக்கம் திருப்பினேன். "ஆமா, பெரிய வெடிப்புத்தான்" என்றார். பிறகு தானாகவே லயத்துப் பக்கம் திரும்பினார்.

"இங்க யாருமே இல்லையே?"

"உள்ள இருக்காங்க ஐயா. படத்துக்காகக் கதவச் சாத்தச் சொன்னாங்க."

அவர் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கொடியில ஒரு துணி கூடக் காயல. ஆளில்லாத லயத்துக்கு எதுக்குப்பா காணி?"

அமைதியான இடம்

ஐப்பசி மழையில் சரிவு லயத்தின் மேல் இறங்கியது. மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் சரோஜா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் மிஞ்சினார்கள். இப்போது என்னிடம்தான் இருக்கிறார்கள். அதனால் இந்த வேலையை விட முடியவில்லை.

படம் இன்னும் ஓடுகிறது. போன வாரம் பெட்டியைக் கழற்றிய ஓர் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக, என்னிடம் கேட்டார்:

"என்ன அமைதியான இடம்! அங்க தங்க ரூம் கெடைக்குமாங்க?"

இனி அந்த டைரக்டர் கீழ் லயத்தைப் படம் பிடிக்க வந்தால், யாரையும் உள்ளே போகச் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.