என் மகள் ஸ்பெஷல் பேட்சில் இல்லை

எங்க ஊர்ப் பக்கம் பெத்த பிள்ளையப் பத்தி நேர்ல பெருமை பேசமாட்டாங்க. கண்ணு பட்டுடும். நாங்க மாஷா அல்லாஹ் சொல்லுவோம், பக்கத்து வீட்டுல மிளகாய் சுத்திப் போடுவாங்க, பயம் என்னமோ ஒண்ணுதான். ஸ்கூல் வாசல்ல எந்த அம்மாவக் கேட்டாலும், "எங்கங்க, புத்தகத்தத் தொட்டாத்தானே!"ன்னு அலுத்துக்குவாங்க. அதே அம்மா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வாட்ஸப் குரூப்புல மார்க் ஷீட் வந்து விழும். போன்ல மட்டும் கண்ணு படாதா? ஒரு நாள் கேட்டே புட்டேன். அடுத்த மார்க் ஷீட்டுதான் வந்து விழுந்துச்சு.

அந்தக் குரூப்பு ஸ்பெஷல் பேட்ச் பிள்ளைங்களப் பெத்தவங்களுக்குன்னே இருக்கறது. கும்பகோணத்துல என் மக படிக்கிற ஸ்கூல்ல, ஆறாம் வகுப்புல ஒரு பரிட்சை வச்சு, தேறுற கொஞ்சம் பேரைத் தனியாப் பிரிச்சுடுவாங்க. டாக்டர், இன்ஜினியர் பரிட்சைக்கு இப்பவே பாடம். விளையாட்டு பீரியட் கிடையாது, சனிக்கிழமை லீவு கிடையாது. என் மக தேறிட்டா. வலங்கைமான்லேருந்து வேன்ல போற பிள்ளை, விடியறதுக்கு முன்னாடி கிளம்பி இருட்டுனப்புறம் வருவா. உசுரா இருந்த கோ-கோவ விட்டுட்டா.

குவைத்துல வேலை பாக்கற என் வீட்டுக்காரருக்கு, அவ அத்தாவுக்கு, தலைகால் புரியல. அங்கேருந்தே குரூப்புல சேந்துக்கிட்டாரு. மக ராங்க் வந்தா உடனே ஸ்டேட்டஸ் வப்பாரு. ரூம்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பிரியாணி வேற.

சம்பா நடவு முடிஞ்சு மழை பிடிச்சுக்கிட்ட சமயம், எண்ணெய் தேய்க்கறப்ப பாத்தேன். காதுக்குப் பின்னாடி ஒரு ரூபா அளவுக்கு வழுக்கை. புழுவெட்டுன்னு நெனச்சு சின்ன வெங்காயத்த அறுத்து அறுத்துத் தேச்சேன். எரியுதும்மான்னு அழுதா. ஸ்டேட்டஸ் வச்சதுல பட்ட கண்ணுதான்னு என் மாமியார் பள்ளிவாசல்ல தண்ணி ஓதி வாங்கியாந்தாங்க. ஒண்ணும் கேக்கல, இன்னொரு எடத்துலயும் விழுந்துச்சு.

ஒரு சாயங்காலம் அவ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. இடது கை தன்னால தலைக்குப் போச்சு. ஒரு முடிய விரல்ல சுத்தி வெடுக்குன்னு பிடுங்குச்சு. அப்புறம் இன்னொண்ணு. "என்னடி பண்றே?"ன்னேன். கைய மறைச்சுக்கிட்டு, "தப்பாப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கும்மா"ன்னா. இந்தப் பிள்ளை தலையிலதான் நான் வெங்காயம் தேச்சேன்.

டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு மறுநாளே ஸ்கூலுக்குப் போனேன். "எல்லாரும் உள்ள சேக்கச் சொல்லித்தாங்க கேப்பாங்க"ன்னாங்க மேடம். நான் வெளிய எடுக்கச் சொல்லிக் கேக்கறேங்கன்னேன். "அவசரப்படாதீங்க, நல்லாப் படிக்கிற பொண்ணு."

"படிக்கட்டுங்க. தலையில முடியோட படிக்கட்டும்."

குரூப்புலயும் நானே எழுதுனேன், என் மகள் இனிமேல் ஸ்பெஷல் பேட்சில் இல்லைன்னு. அவ்வளவுதான், பத்திக்கிச்சு. பொண்ணோட எதிர்காலத்தக் கெடுக்காதீங்கங்கறாரு ஒருத்தர். பிரஷர் தாங்கப் பழக்கணுமாம், இது இன்னொருத்தர். பதினோரு வயசுப் பிள்ளைக்கு என்னய்யா பிரஷர்? மறுநாள் வாசல்ல பாத்தா அதே ஆளுங்க, "சாப்டாச்சாங்க?"ன்னு சிரிக்கறாங்க. ஒரு அம்மா மட்டும் ஒதுக்குப்புறமாக் கூப்புட்டு, அந்த எடம் காலியாத்தானே இருக்குன்னு கேட்டாங்க. எடுத்துக்கங்க தாயேன்னேன்.

அன்னிக்கே குவைத்துலேருந்து வீடியோ கால். "யாரக் கேட்டுப் பண்ணுனே? ரூம்ல அத்தன பேரும் கேக்கறான், என் மானமே போச்சு."

"கேக்கறவன் வந்து உங்க மகளுக்குத் தலை வாரி விடுவானா?"

காட்டட்டுமாடின்னு அவளக் கேட்டேன், சரின்னா. சடையப் பிரிச்சுப் போனுக்கு நேராக் காட்டுனேன். மனுசன் போன மூஞ்சிக்கிட்ட கொண்டு வந்து பாத்தாரு. "ஏம்மா, அத்தாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"ன்னாரு.

என் மக அழல. "நீங்க எப்பப் போன் பண்ணுனாலும் ராங்க் மட்டும்தானே அத்தா கேப்பீங்க"ன்னா.

அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டாரு, நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிப்பேன்னு. நான் சமாளிக்கல. இதுக்குப் பதில அவரே சொல்லட்டும்னு போன அவ கையில குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னேன்.