பதின்மூன்றாவது கடிதம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பெட்டி சார்' என்று ஆகிவிட்டது. எழுத்துக் கோப்புகளைப் பிரித்து மேய்வதற்கென்றே இருக்கும் ஒரு பழைய ஸ்கிரிப்ட் மொழியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவர். அதில் அரே என்பது பெயர் ஒட்டிய பெட்டிகளின் அடுக்கு. இல்லாத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், இல்லை என்று சொல்லாது; அந்தப் பெயரில் ஒரு பெட்டியைச் செய்து வைத்துவிட்டு 'காலி' என்னும். அப்படியொரு தாராளம். அதனால் எந்த வேலையானாலும் அவர் முதல் வரியிலேயே பெட்டிகளை நிரப்பிவிடுவார். "உள்ள என்ன இருக்குன்னு கேக்காதீங்க, பெட்டி இருக்கானு மட்டும் கேளுங்க" என்று புதியவர்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்வார்.

ஆட்குறைப்பு வந்தது. போகிறவர்களின் பெயரும் காரணமும் அடங்கிய கோப்பை மேனேஜர் அவரிடமே கொடுத்தார்.

"ஆளுக்கொரு கடிதம் அச்சாகி, என் கையெழுத்தோட நேரா உறைக்குள்ள போயிடணும். கோப்பை யாரும் தெறந்து பாக்கக் கூடாது. நீங்களும்தான்."

அதில் தன் பெயரும் இருக்குமோ? மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கோப்பைத் திறக்க இரண்டு நொடி போதும். ஆனால் 'சரி சார்' என்று வாக்குக் கொடுத்துவிட்டாரே! திறக்கவில்லை. பெட்டிகளை நிரப்பும் வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தார்: என் பெயர்ப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

காலி என்றது திரை. போன உயிர் திரும்பி வந்தது. மனைவியை ஃபோனில் கூப்பிட்டு, "நான் இல்ல, தப்பிச்சேன்!" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அச்சுக்கும் கொடுத்துவிட்டார்.

கோப்பில் இருந்தது பன்னிரண்டு பேர். பெட்டிக்கு ஒன்றாக வந்த கடிதங்கள் பதின்மூன்று. மேனேஜர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"பட்டியல்ல உங்க பேரே இல்லையே, கடிதம் எப்படி வந்துச்சு?"

"நான் கேட்டதால வந்தது சார்."

"பாக்கக் கூடாதுன்னேனே?"

"பாக்கல சார். கேட்டேன். அவ்வளவுதான்."

"பாத்திருந்தாலாவது தப்பிச்சிருப்பீங்க. தலைமை அலுவலகத்துல பதின்மூணுன்னு பதிவு பண்ணியாச்சு. ஒரு ஆள் அதிகமாக் குறைஞ்சதுல அவங்களுக்குச் சந்தோஷம்." மேனேஜர் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "காரணம்ங்கிற இடம் காலியா இருக்கு. நீங்களே நிரப்பிக் குடுத்துடுங்க."

மற்ற பன்னிரண்டு பேருக்கும் 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருந்தது. உண்மையான காரணம் இருந்தது அவருடைய கடிதத்தில் மட்டும்தான். 'ஸ்கிரிப்டில் பிழை' என்று, அடித்தல் திருத்தல் இல்லாமல், அவரே எழுதிக்கொடுத்தார்.